மறைக்கிற உயரம்

எனக்கு மரம், செடி, கொடி எதிலும் பெரிய ஆசை கிடையாது. திரைச்சீலை தைப்பது என் தொழில். எந்த ஜன்னலையும் ஒரு தரம் பார்த்தால் போதும், எத்தனை மடிப்பு வைக்க வேண்டும், அடியில் எவ்வளவு துணி விட வேண்டும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் ஒரு நர்சரியில் போய் நின்றுகொண்டு, இது இலை கொட்டுமா, அது இலை கொட்டுமா என்று ஒவ்வொரு மரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்தான்.

எங்கள் முன்னறையில் ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் கொஞ்சம் வெறும் மண், இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர், ஓரத்தில் கம்பிக் கேட், அப்பால் சாலை. தூரத்தில் நேராக வருகிற சாலை எங்கள் வீட்டை நெருங்கும்போது சட்டென்று வளையும். அந்த வளைவில்தான் என் மகன் பைக்கிலிருந்து விழுந்து செத்துப்போனான். காலமானான், இறைவனடி சேர்ந்தான் என்றெல்லாம் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வராது.

ஒரே பிள்ளை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் வேலை. ஆறடி வளர்ந்து மீசை வைத்த பிறகும் வீட்டில் அவனுக்கு வாண்டு என்றுதான் பேர். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவான். சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கதைதான். "வாயை மூடிட்டுச் சாப்பிடுடா" என்று நான் சொல்லாத நாள் இல்லை. இப்போது சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

அவன் போன பிறகு நான் அந்த ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். கடைக்குப் போவதென்றால்கூடப் பின்கட்டு வழியாகப் போய்ச் சந்து சுற்றித்தான் போவேன். அவரோ, சாயந்திரமானால் நாற்காலியை இழுத்து அதே ஜன்னலுக்கு எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். லாரிகளை எடை போடுகிற மேடையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்த மனுஷன். ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அடுத்த லாரி வருகிறதா என்று சாலையைப் பார்ப்பதே தொழில். பேச்சுக்கும் அவருக்கும் வெகுதூரம். கல்லுளிமங்கன் என்று என் அக்கா கல்யாணமான புதிதிலேயே பேர் வைத்துவிட்டாள்.

நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். இருக்கிறதிலேயே கனமான துணியாக எடுத்து, உள்ளே கறுப்பு லைனிங் கொடுத்து, ஒரு திரை தைத்து அந்த ஜன்னலில் மாட்டினேன். சாயந்திரம் அவர் வந்தார், திரையை இரண்டு பக்கமும் ஒதுக்கினார், உட்கார்ந்தார். மறுநாள் நான் இழுத்து மூடினேன். அவர் ஒதுக்கினார். ஒரு வார்த்தை கிடையாது. இப்படியே ஒரு வாரம் ஓடியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, திரையின் இரண்டு பாதியையும் நடுவில் சேர்த்து, பிரிக்கவே முடியாதபடி இரட்டைத் தையல் போட்டுத் தைத்துவிட்டேன். அன்றைக்கு அவர் ஸ்டூல் போட்டு ஏறி, கம்பியோடு திரையைக் கழற்றி, அழகாக மடித்து சோபாவில் வைத்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் மரம் என்கிற யோசனை வந்தது. மரத்தை இழுத்து ஒதுக்க முடியாது. ஸ்டூல் போட்டுக் கழற்றவும் முடியாது.

"முன்னால வெறும் மண்ணா கெடக்கு, நாலு மரம் வைக்கப்போறேன்" என்று காலையில் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "நானும் வரேன்" என்றார். எனக்கே ஆச்சரியம். அந்த வருஷம் முழுக்க அவராக எங்கேயும் வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

நர்சரிக்காரி என்னைவிடச் சின்னவள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, வாய் ஓயாத பேச்சு. வந்ததும் வராததுமாக எங்களை மேக்னோலியாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அக்கா, இது பூத்துச்சுன்னா தெருவுல போறவங்க நின்னு பாத்துட்டுத்தான் போவாங்க."

"தெருவைப் பத்திக் கேக்கலை. இலை கொட்டுமா?"

"இதுல பல ரகம் இருக்கு. இந்த ரகம் கொட்டும். ஜக்கராண்டா பாருங்களேன், ஊதாப் பூ, மரமே தெரியாது."

"இலை?"

"அதுவும் கொட்டும். கொட்டினாத்தானே அக்கா பூ எடுப்பா தெரியும்." அவளுக்கு என்னைப் புரியவில்லை. "எல்லாரும் எப்பப் பூக்கும்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் எப்பக் கொட்டும்னு கேக்கறீங்க."

"எனக்குப் பூ வேண்டாம், நிழல் வேண்டாம். எதிர்ல இருக்கறது தெரியக்கூடாது. சீக்கிரம் வளரணும். வருஷம் பூரா இலையோட நிக்கணும். அப்படி ஒண்ணு இருந்தா காட்டு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்று நேராக நெட்டிலிங்க வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உயரமும் ஒல்லியுமாக, அடியிலிருந்து நுனி வரை இலை தொங்க, அடுத்தடுத்து நின்றன. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நல்ல கனத்துணியில் மடிப்பு வைத்துத் தொங்கவிட்ட மாதிரியே இருந்தது. "நெருக்கி வெச்சா ரெண்டு மூணு வருஷத்துல சுவர் மாதிரி ஆயிடும்" என்றாள். இப்போதே ஆளுயரத்துக்கு மேல் இருந்ததையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். முடிந்தது விஷயம் என்று திரும்பினால் என் வீட்டுக்காரரைக் காணோம்.

பச்சை வலை கட்டின கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஈரமும் குளிர்ச்சியுமாக இருந்தது. அவருக்கு எதிரில் ஒரு விநோதமான மரம். சுவரிடுக்கில் தானாக முளைக்குமே பெரணி, அதன் இலைதான். ஆனால் ஒவ்வொரு இலையும் கை நீட்டின அகலத்துக்கு விரிந்திருந்தது. அடியில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக, நாரும் வேருமாகப் பின்னின ஒரு தண்டு. நடுவில் புதுத் தளிர் பழுப்பு ரோமத்தோடு சுருண்டுகிடந்தது.

"மரப்பெரணிங்க" என்றாள் நர்சரிக்காரி. "பெரணியே மரமா வளரும். அண்ணாவுக்கு ரசனை இருக்கு."

"இது எவ்வளவு வளரும்?" என்று அவர் கேட்டார்.

"நல்லா வந்தா ரெண்டு ஆள் உயரம் வரும். ஆனா அவசரக்காரங்களுக்கு ஆகாது அண்ணா. தண்டு வருஷத்துக்கு ரெண்டு விரக்கடை ஏறினாப் பெரிசு" என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள்.

அவர் குனிந்து அந்த ரோமத்தளிரை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதான் வேணும்" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இது வேணும் என்று அந்த மனுஷன் வாயால் ஒன்றைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. சட்டைகூட நான் எடுத்து வைத்தால்தான் போடுவார், இல்லையென்றால் நேற்றுப் போட்டதையே போட்டுக்கொள்வார். "எடுத்துக்கோங்க, நெட்டிலிங்கத்துக்குப் பக்கத்துல ஓரமா வெச்சுக்கலாம்" என்றேன்.

"ஓரமா இல்ல. ஜன்னலுக்கு முன்னால. நெட்டிலிங்கம் வேண்டாம்."

"என்ன வெளையாடறீங்களா? இது எந்தக் காலத்துல வளர்ந்து மறைக்கறது?"

"மறைக்காட்டி என்ன?"

அந்தக் கொட்டகைக்குள்ளேயே வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். ரசனையாம் ரசனை, வீட்டில் ஒரு துளசிக்குத் தண்ணீர் ஊற்றினது உண்டா என்று கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பெரணியைவிட்டு நகரவும் இல்லை. நர்சரிக்காரிதான் இடையில் புகுந்தாள்.

"அக்கா, இங்க நின்னு சண்டை போட்டு ஒண்ணும் ஆகாது. ரெண்டையும் வண்டியில ஏத்திட்டு வரேன். எடத்துல கம்பு நிறுத்திப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பிடிக்காததைத் திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

கம்பு நிறுத்துவது அவள் வழக்கம். எந்த வீட்டிலும் குழி வெட்டுவதற்கு முன்னால் மரத்தின் உயரத்துக்கு ஒரு மூங்கிலை எடுத்து, உச்சியில் சாக்கைக் கட்டி, வீட்டு ஆட்களில் ஒருவரை அதைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கச் சொல்வாள். மரத்துக்கு எதிரில் இருக்கிற அறையில் அதிகம் உட்காருகிறவர் எவரோ அவர் உள்ளே தன் இடத்தில் உட்கார்ந்து பார்த்து, சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும். வெளியில் நின்று பார்த்துவிட்டு மரம் வைக்கிறவர்கள்தான் பிறகு வந்து அழுவார்கள் என்பாள்.

"யாரு அக்கா அந்த ஜன்னல் ரூம்ல உக்காருவீங்க?" என்றாள் எங்கள் வீட்டுக்கு வந்தவுடனே.

"நான் அந்தப் பக்கமே போறதில்ல. அவர்தான்" என்றேன்.

அதனால் அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றேன். மகன் போன பிறகு அந்த முன்மண்ணில் நான் கால் வைத்ததே அப்போதுதான். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு நேர் நடுவில் போய் நின்றேன். வண்டிகள் போகிற சத்தம் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நர்சரிக்காரி ஒரு பக்கம் மண்ணைக் கொத்தி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மாடியின் நிழல் விழுவதால் பெரணிக்கும் ஏற்ற இடம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எப்படி?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"கொஞ்சம் வலது பக்கம்" என்றார்.

நகர்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

நகர்ந்தேன்.

"இன்னும்."

"எங்கதான் நிக்கச் சொல்றீங்க? கை வலிக்குது."

"இன்னும் கொஞ்சம் போயேன்."

போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுச் சுவரில் என் தோள் உரசியது. ஜன்னலுக்கு நேராக ஒரு காலும் அதைத் தாண்டி ஒரு காலுமாக நின்றேன். "ஆங், அங்கதான். அங்க வெச்சாச் சரியா இருக்கும்" என்றார். அங்கே மரம் வைப்பதும் ஒன்று, வைக்காததும் ஒன்று. இந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று நினைத்தேன். பிறகு, நான் முதலில் நின்ற இடத்தில் அப்படி என்னதான் இடைஞ்சல் என்று பார்க்கத் திரும்பினேன். அவர் முகத்துக்கும் அந்த வளைவுக்கும் நடுவில்தான் நான் நின்றிருக்கிறேன். பழைய கறுப்புத் தார்மேல் மாநகராட்சிக்காரன் வெள்ளைக்கோடு புதிதாகப் போட்டிருந்தான். அந்த இடத்தை நான் அன்றைக்குப் பிறகு பார்த்தது அப்போதுதான்.

மூங்கிலைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"என்னை நகத்தி நகத்தி எங்க கொண்டுபோய் நிறுத்தினீங்கன்னு தெரிஞ்சிடுச்சு. அதைப் பாக்கணும் உங்களுக்கு. தினம் பாக்கணும். அதுக்குத்தான் வளராத மரமா தேடிப் பிடிச்சீங்க."

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"எப்படிங்க முடியுது உங்களால? என் புள்ளை ரத்தத்துல கெடந்த எடம் அது. அவன் செருப்பு ஒண்ணு அந்தப் பக்கமா கெடந்தது. எனக்குக் கண்ணை மூடினா அதுதான். நீங்க நாற்காலி போட்டு உக்காந்து பாக்கறீங்க. கல்லு மனசா உங்களுக்கு?"

அவர் முழங்காலில் கையை ஊன்றி என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "நீ சமையலறையிலிருந்து ஓடி வந்தப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. நீ பாத்தது அதுக்கப்புறம். நான் பாத்தது அதுக்கு முன்னால."

"முன்னால என்ன?"

"பைக் சத்தம் கேட்டுச்சு. வழக்கம்போல போய்க் கேட்டைத் திறந்து பிடிச்சிட்டு நின்னேன். வளைவுல திரும்பினான். ஹெல்மெட் கண்ணாடியை மேல தூக்கி விட்டிருந்தான். என்னைப் பாத்ததும் கையைத் தூக்கிக் காட்டினான். தினம் காட்டுவானே, அந்த மாதிரி. சிரிச்சான்."

சோபாவில் மடித்துவைத்திருந்த திரைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்தான். இத்தனை மாதமாக இதை இவர் ஒருத்தராக வைத்துக்கொண்டு தினம் சாயந்திரம் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு ஒரு துளி கொடுக்கவில்லை. நான் அந்தச் செருப்பை மட்டும் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

"நானும் அவனைப் பெத்தவதானே. எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு? அவன் சிரிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எப்படி இருந்திருப்பேன்?"

"எப்படிச் சொல்றது?" அவர் குரல் உடைந்துவிட்டது. அவருடைய அம்மா போனபோதுகூட நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "கையைத் தூக்கினான் இல்ல? அப்பத்தான் ரோட்டுல எவனோ கொட்டிவெச்சிருந்த மணல்ல சக்கரம் ஏறுச்சு. ஒரு கைதான் ஹேண்டில்ல இருந்துச்சு. ரெண்டு கையும் இருந்திருந்தாப் பிடிச்சிருப்பான். நான் அங்க நிக்கலேன்னா கையைத் தூக்கியிருக்க மாட்டான். இதை உங்கிட்ட எந்த வாயால சொல்றது?"

வெளியே நர்சரிக்காரியின் மண்வெட்டிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

பொய் சொல்லக்கூடாது. ஆமாம், உங்களால்தான் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவர் அதையும் ஏற்றுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மணலைக் கொட்டிவிட்டு அள்ளாமல் போனவன் எவனோ இன்றைக்கும் நிம்மதியாகத் தூங்குகிறான். புள்ளைக்குக் கேட்டைத் திறந்துவிட்ட மனுஷன் ஒரு வருஷமாகத் தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் அந்த ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தது அவன் சிரிப்பை மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு அடுத்ததையும் அவர் பார்த்தாக வேண்டும். தினமும் இரண்டையும் பார்த்திருக்கிறார்.

"கேட்டைத் திறந்தது ஒரு குத்தமா?" என்றேன். "நீங்க அங்க நிக்கலேன்னா அப்பா எங்கன்னு ரோட்டைப் பாக்காம தேடிக்கிட்டே வந்திருப்பான் அவன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தக் கை?" என்று கேட்டேன்.

"இடது."

"நிஜமாவே சிரிச்சானா? எனக்காகச் சொல்லலையே?"

"சிரிச்சான்மா. பல்லு தெரிஞ்சுது."

நான் எழுந்து வெளியே வந்தேன். நர்சரிக்காரி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கம்பெல்லாம் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். "நான் அப்புறமா வேணா வரேனே."

"வேண்டாம். வந்த வேலையை முடிச்சிட்டுப் போ. நடுவுல வெட்டு, நான் முதல்ல நின்ன எடத்துல."

"நெட்டிலிங்கம் ரெண்டு பக்கமும் வரணும்னா மூணு குழி..."

"நெட்டிலிங்கம் வேண்டாம். பெரணி. அது ஒண்ணு மட்டும்."

"நடுவுலயா? இலை கீழ்ப்பக்கம் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். தண்டு ஏறி அந்த ரோடு தெரியாம மறைக்க எத்தனையோ வருஷம் ஆகுமேக்கா."

"ஆகட்டும்."

அவர் வாசலில் வந்து நின்றிருந்தார். "அது அந்த உயரத்துக்கு வர்றப்போ எனக்கு எண்பது தாண்டிடும்" என்றார்.

"தாண்டட்டும். அதுவரைக்கும் பாருங்க. யார் வேண்டாம்னா? தினம் ரெண்டு விரக்கடை மறைச்சாத்தான் உங்களுக்குக் கஷ்டம். வருஷத்துக்கு ரெண்டு விரக்கடை தாங்குவீங்க. நானும் தாங்குவேன்."

நர்சரிக்காரி குழி வெட்டி, மட்கின இலையைக் கொட்டி, பெரணியை இறக்கி நிறுத்தினாள். அதற்கு மண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதாதாம். அந்தத் தண்டே முழுக்க வேர்தானாம். மேலேயிருந்து தண்டு நனைகிற மாதிரி ஊற்ற வேண்டும், வெயில் காலத்தில் இரண்டு வேளை என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் பாத்திரத்தை வாங்கி, உச்சியிலிருந்து மெதுவாக ஊற்றினார். ஒரு தடவை ஊற்றி முடித்ததும் மறுபடி போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். போதும் அண்ணா, போதும் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது.

நெட்டிலிங்கங்களை ஏற்றிக்கொண்டு அவள் வண்டி கிளம்பிப் போயிற்று. அந்த வளைவில் அது திரும்பி மறைகிற வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன்.

சாயந்திரம் அவர் வழக்கம்போல நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் சாப்பாட்டு மேஜையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் போட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பெரணி ஜன்னலின் அடிவிளிம்பில் ஈரமாக நின்றது. அதற்கு மேலே சாலை முழுசாகத் தெரிந்தது. வேலை விட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராக வளைவில் திரும்பினார்கள். ஒவ்வொரு பைக்குக்கும் என் கை நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது.

இடது கை, சிரிப்பு, பல் தெரிந்தது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பார்த்தேன். என் கண்ணுக்கு ரோட்டில் விழுந்து கிடந்தவன்தான் தெரிந்தான். கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். அப்போதும் அவன்தான்.

"தெரியறானா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"இல்லங்க" என்றேன்.

"எழுந்திருக்காத, உக்காந்திரு" என்றார். "நாளைக்கும் பாப்போம்."